நகராத கார்

"பதினோரு மணிக்குள்ள கார் இங்கேருந்து நகரணும், ரீஜிஸ்."

"நாலு மாசமா நகத்தாத வண்டிய இன்னிக்குப் பதினோரு மணிக்குள்ள நகத்தணுமா? நல்லா இருக்குய்யா உன் நியாயம்!"

எமில் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்பதே கால்.

அமெரிக்காவில், பிட்ஸ்பர்க் நகரின் அந்த மேட்டுத் தெருவில் வீட்டுக்கு வீடு கார் உண்டு, நிறுத்தத்தான் இடம் கிடையாது. அங்கே நவம்பரில் நிறுத்திய நீலக் காரை மார்ச் வரை எமில் அசைக்கவே இல்லை. அதுவும் தன் வாசலில் அல்ல, பக்கத்து வீட்டு பெர்னியின் வாசலில்.

பெர்னி பள்ளிக்கூட பஸ் ஓட்டும் பெண்மணி. நவம்பர் மழை உறைந்து கிடந்த படியில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரிக்குப் போனார். அவர் போன மறுவாரமே வாசலை எமில் வளைத்துப் போட்டுவிட்டதாகத் தெருவே பேசியது.

காரை வைத்துக்கொண்டு எமில் பனியில் தடுமாறி நடந்து போய் பஸ் பிடிப்பார். "எடுத்தா இடம் போயிடுமாம்! இப்படியும் ஒரு பேராசையா?" என்று சிரித்தவர்களில் முதல் ஆள் ரீஜிஸ்தான். ஆனால் அந்தத் தெருவில் கார் வேலை தெரிந்தவரும் அவர் ஒருவர்தான். இன்று காலை காரைக் கிளப்பியபோது இடது முன்சக்கரம் உருள மறுத்துவிட்டது. எமில் வேறு யாரிடம் போவார்?

ரீஜிஸ் ஜாக்கி, சுத்தியலோடு ஒரு மஞ்சள் மர நாற்காலியையும் தூக்கி வந்தார். சக்கரத்துக்கு எதிரே தாழ்வாக உட்கார வசதியாக அதன் கால்களைப் பாதிக்கு அறுத்திருந்தார். எமில் அதையே பார்த்தார்.

"என்ன பாக்கற? தரையில உக்காந்தா என் முட்டி எழுந்திருக்க விடாது."

சக்கரத்தைக் கழற்றினார்.

"பாத்தியா? பனி தள்ளுற வண்டி போறப்பல்லாம் பனி உருக ரோட்டுல தூவின உப்புத் தண்ணிய வாரி அடிச்சிருக்கு. பிரேக்கப் பிடிக்கிற காலிப்பர் பூரா துரு. பிரேக் பேடு ரெண்டும் அதுல இறுகி, சக்கரத்தோட சுத்துற டிஸ்க்கக் கவ்விக்கிட்டு நிக்குது."

"வாராவாரம் எஞ்சின ஓட விட்டேனே?"

"எஞ்சின் ஓடினா போதுமா? சக்கரம் சுத்த வேணாமா? தெருவ ஒரு சுத்து சுத்திட்டு வந்திருந்தா இந்த வம்பே இல்ல. நீ இடத்தக் கவ்வினே, உன் பிரேக் உன்னப் பாத்துக் கத்துக்கிச்சு!"

எமில் சிரிக்கவில்லை. "பதினொண்ணுக்குள்ள முடியுமா?"

"தொணதொணக்காதே."

எண்ணெய் அடித்து, ஊறவிட்டு, சுத்தியலால் தட்டினார். ஒரு பேடு வந்தது. இன்னொன்று அசையவில்லை. மணி பத்து. எமில் தெரு முனைக்கும் காருக்குமாக நடந்தார்.

"இந்தத் தெருவுக்குன்னு ஒரு முறை இருக்கு, எமில்" என்றார் ரீஜிஸ் தட்டிக்கொண்டே. "பனிய வாரி இடத்தச் சுத்தம் பண்ணினவன், அது தனக்குன்னு அங்க ஒரு நாற்காலி போடுவான். அத எவனும் தொட மாட்டான். உன்ன மாதிரி குளிர்காலம் பூரா கார நிறுத்தி வெச்சுக்கறது அழகில்ல."

"பனி விழறதுக்கு முன்னாடியே நாற்காலி போட்டா?"

"அது குப்பை. யாரு வேணா எடுத்துட்டுப் போகலாம்."

"ஓ" என்றார் எமில்.

இரண்டாவது பேடும் ஒரு வழியாகக் கழன்றது. ரீஜிஸ் துருவை அரத்தால் ராவி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, கிரீஸ் தடவி எல்லாவற்றையும் திரும்பப் பூட்டினார். வாய்தான் அப்படி, வேலையில் குறை வைக்க மாட்டார். சக்கரத்தைக் கையால் சுழற்றினார். சுற்றியது.

"கிளம்பறதுக்கு முன்னாடி பிரேக்க நாலு தடவ மிதி. அப்புறம் மெதுவாப் போ."

எமில் நாலு தெரு தள்ளி காரை விட்டுவிட்டு மூச்சிரைக்க ஏறி வந்தார். மணி பத்து ஐம்பது. காலி இடத்தின் நடுவே ரீஜிஸ் தன் நாற்காலியில் சட்டமாக உட்கார்ந்திருந்தார்.

"என் வண்டியக் கொண்டாந்து விட்டுடவா?" என்று கண்ணடித்தார்.

"வேணாம் ரீஜிஸ். பெர்னி வர்றா."

"யாரு?"

"பதினோரு மணிக்கு ஆஸ்பத்திரி வேன்ல கொண்டாந்து விடறாங்க. பலகை போட்டு சக்கர நாற்காலியோட இறக்கணும். வாசல்லயே நிறுத்தினாத்தான் ஆகும். இந்தச் சரிவுல அவள எங்கேருந்து தள்ளிட்டு வர்றது? அடுத்த வாரம், அடுத்த வாரம்னே நாலு மாசம் இழுத்துட்டாங்க. என்னிக்குன்னு தெரியாம இடத்த எப்படி விடறது?"

ரீஜிஸ் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

"வாயத் தொறந்து சொல்லியிருக்கலாமேய்யா!"

"தெருவே கூடி நின்னு பாக்குமேன்னு அவளுக்குக் கூச்சம். சொல்லாதேன்னுட்டா."

"சரி, ஊர்ல எல்லாரும் பண்ற மாதிரி ஒரு நாற்காலியப் போட்டிருக்கலாம்ல? நாலு மாசம் எல்லார்கிட்டயும் பேச்சு வாங்கிக்கிட்டு!"

"முதல்ல அதத்தான் போட்டேன். பெர்னி வீட்டுச் சமையலறை நாற்காலி. அவளே மஞ்சள் பெயின்ட் அடிச்சது. பனி விழல, முறையில்லதான். அவசரத்துக்குப் போட்டேன். ரெண்டே நாள்ல காணாமப் போச்சு."

மேட்டு முனையில் வெள்ளை வேன் திரும்பியது.

எமில் குனிந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"கொஞ்சம் எழுந்திரு, ரீஜிஸ். அவ வர்றதுக்குள்ள இத உள்ள வெச்சிடறேன். ஏன் குட்டையாச்சுன்னு கேட்டா, நான்தான் அறுத்தேன்னு சொல்லிக்கறேன்."