முதல் மார்க் வாங்கிய மூடி

"எங்க ஆராய்ச்சியிலயே உங்க வீட்டு மூடிதாம்மா முதல் மார்க்" என்றாள் அந்தப் பெண், நாற்காலியில் உட்காரும் முன்பே.

தையல்காரம்மா மிஷினை விட்டு எழுந்தாள். கையிலிருந்த ஊசியை எங்கே வைப்பதென்று தெரியாமல் பாதி தைத்த துணியிலேயே குத்தி வைத்தாள். மருந்தியல் கல்லூரியிலிருந்து மாதம் ஒருமுறை வருகிற பெண் இவள். நோயாளிகள் மாத்திரையை வேளாவேளைக்கு சாப்பிடுகிறார்களா என்று ஆராய்ச்சி செய்கிறாள். கல்லூரியில் கொடுத்திருக்கும் மாத்திரை டப்பாவின் மூடிக்குள் ஒரு கருவி இருக்கிறது. எப்போது திறந்தாலும் அது கல்லூரிக் கம்ப்யூட்டருக்குத் தகவல் சொல்லிவிடும்.

"ஒரு வேளைகூடத் தப்பலையே. எப்படிம்மா?"

"எல்லாம் பழக்கந்தான் மேடம்" என்றாள் தையல்காரம்மா.

கட்டிலில் அவள் கணவர் படுத்திருந்தார். ஒரு காலத்தில் லாரியோடு ஊர் ஊராகச் சுற்றிய மனுஷன். பக்கவாதம் வந்து வலது கையும் பேச்சும் போயின. இன்னொரு தடவை வந்தால் ஆள் தேற மாட்டார், அது வராமல் ரத்தம் கட்டாமல் பார்த்துக்கொள்ளத்தான் இந்த மாத்திரை என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அவர் சொல்லிவிட்டார். இவர் தொண்டைக்குள் இறங்க வேண்டுமே. ஆரம்பத்தில் ஒரு நாள் மாத்திரை புரை ஏறி, கண் செருகி, பிழைத்ததே பெரிய பாடாகிவிட்டது. அன்றோடு சரி. மாத்திரையைக் கண்டாலே வாயைப் பூட்டிக்கொள்வார். கெஞ்சினாள், திட்டினாள், பழத்துக்குள் ஒளித்துக் கொடுத்தாள். பழம் உள்ளே போகும், மாத்திரை மட்டும் கன்னத்தில் பதுங்கியிருந்து தலையணையில் வந்து விழும். பொடித்துக் கொடுக்கவும் வழியில்லை. உடைக்கவே கூடாது என்று டப்பாவிலேயே எழுதி ஒட்டியிருந்தார்கள்.

இதை யாரிடம் சொல்வது? ஆஸ்பத்திரி வரிசையில் பக்கத்தில் நின்ற ஒருத்தி சொல்லியிருந்தாள், "ஒழுங்கா சாப்பிடாதவங்களை ஆராய்ச்சியை விட்டே தூக்கிடுவாங்களாம்" என்று. தூக்கிவிட்டால் மாத்திரை நின்றுபோகும், டாக்டரும் கைகழுவி விடுவார். இன்று இல்லாவிட்டால் நாளைக்கு விழுங்கிவிட மாட்டாரா என்று தையல்காரம்மாவுக்கு ஒரு நப்பாசை. அதனால் காலையும் மாலையும் தவறாமல் மூடியைத் திறப்பாள். அவர் துப்புவதைக் கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றுவாள். இன்று காலையும் அதுதான் நடந்தது. ஊற்றும்போதெல்லாம் தன் கையாலேயே அவரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொல்கிறோம் என்று அவளுக்குத் தோன்றும்.

"என்ன ஐயா, அம்மாவுக்கு பயந்துதான் சாப்பிடுறீங்களா?" என்று அந்தப் பெண் கட்டில் பக்கம் குனிந்து சிரித்தாள்.

அவர் மனைவியைப் பார்த்தார். தையல்காரம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"சரிம்மா, இனிமே நான் வர மாட்டேன். உங்க வீட்ல வேலை முடிஞ்சுது. மாத்திரை வழக்கம்போல வந்துடும், கவலைப்படாதீங்க."

அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. அந்த நிம்மதியில், தெரியாத்தனமாக ஒரு வார்த்தை கேட்டு வைத்தாள்.

"அப்போ, மூடி திறக்காதவங்க கதி என்ன மேடம்?"

"அவங்க வீட்டுக்கெல்லாம் அடுத்த வாரத்துலேருந்து நர்ஸ் வருவாங்க."

"திட்டறதுக்கா?"

"ஏம்மா திட்டணும்? இந்த ஆராய்ச்சியே அவங்களைக் கண்டுபிடிக்கத்தானே. பாதிப் பேருக்கு மாத்திரையை விழுங்கவே முடியாது. இதே மருந்து தண்ணி மருந்தாவும் இருக்கு. நர்ஸ் ரெண்டு வேளையும் வந்து, உட்கார வச்சு, புரை ஏறாம பக்குவமா கொடுப்பாங்க. இதை முன்னாடியே சொன்னா எல்லாரும் வேணும்னே திறக்காம விட்டுடுவாங்க. அதான் நேத்து வரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடல."

தையல்காரம்மா கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"இவர் சாப்பிடலை."

"என்னம்மா சொல்றீங்க?"

"ஒரு மாத்திரைகூட உள்ள போகல கண்ணு. நான்தான் திறந்து திறந்து மூடினேன். எல்லாத்தையும் பாத்ரூம்ல கொட்டினேன். ஆராய்ச்சியை விட்டு எங்களைத் தூக்கிடுவீங்கன்னு பயந்துட்டேன். எங்க வீட்டுக்கும் அந்த நர்ஸை அனுப்பு."

அந்தப் பெண் அவளைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

"நர்ஸ் வர்றாங்கன்னு சொன்னதும் காலையிலேருந்து போற வீட்ல எல்லாம் இதையேதாம்மா சொல்றாங்க. ஒத்தை ஆளா நீங்க படற கஷ்டம் எனக்குப் புரியுது. ஆனா இருக்கறதே ரெண்டு நர்ஸ். மூடி என்ன சொல்லுதோ அதை வச்சுத்தான் அனுப்ப முடியும்."

"நான் சொல்றதை நம்ப வேண்டாம். உன் கண்ணால பாரு."

தையல்காரம்மா அலமாரிக்கு ஓடினாள். டப்பாவைத் திறந்து ஒரு மாத்திரையை எடுத்துக்கொண்டு கட்டிலருகே வந்தாள்.

"இப்பவே கொடுக்கறேன். இங்கயே நில்லு. துப்புறாரா இல்லையான்னு நீயே பார்த்துட்டுப் போ."

அந்தப் பெண் பாய்ந்து வந்து, மாத்திரையையும் டப்பாவையும் அவள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள்.

"என்ன காரியம் பண்றீங்கம்மா? காலை மாத்திரை போட்டாச்சுன்னு மூடி சொல்லுது. இன்னொண்ணு கொடுத்தா உள்ளுக்குள்ள ரத்தம் கசிஞ்சு உயிரே போயிடும்."