உட்காராத சம்பந்தி

ஒன்று: வீட்டில் மெத்தை நாற்காலிகள் வரிசையாக இருந்தும் சன்னாசி உட்காரவில்லை.

இரண்டு: தோழர் அறவாழி கட்டித் தழுவ இரு கையையும் விரித்து வந்தபோது, பின்வாங்கிக் கும்பிடு போட்டார்.

மூன்று: தன் கைப்பையை உள்ளே கொண்டுவராமல் வாசல் இரும்புக் கதவிலேயே மாட்டிவிட்டார்.

நான்கு: "நீங்க எங்க வீட்டுக்கு வரவேண்டாங்க, மத்ததைப் போன்லயே பேசிக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பெண் கேட்டு வந்த மாப்பிள்ளையின் அப்பா செய்த குற்றங்கள் இவை, நடந்த வரிசைப்படி.

"சாதித் திமிர்," என்று தீர்ப்புச் சொன்னார் அறவாழி. ரப்பர் தோட்டத்து வேலைநிறுத்தத்தில் போலீஸ் தடியையும், செந்தூல் நகரக் கூட்டங்களில் சோடா பாட்டிலையும் பார்த்த தலை அவருடையது.

"காப்பி குடிச்சாரேப்பா?" என்றாள் மகள் முத்தெழில்.

"நின்னுக்கிட்டுக் குடிச்சான். நின்னுக்கிட்டு!"

"கால் வலியோ என்னவோ."

"கால் வலிக்கிறவன் உட்காருவானா, நிப்பானா? நம்ம வீட்டு நாற்காலி அவனுக்குத் தீட்டு. இந்தக் கல்யாணம் நடக்காது."

"நான் தினகரனைத்தான் கட்டிப்பேன். சந்தேகம்னா வாங்க, அவங்க வீட்டுலயே போய்க் கேட்டுடலாம்."

"கேக்கறேன். சாட்சியோட கேக்கறேன்."

சாட்சிக்குச் சங்கத்துத் தோழர் பூபாலனையும் காரில் ஏற்றிக்கொண்டு மூவரும் கிள்ளான் நகருக்குப் போனார்கள்.

அடுக்குமாடி வீட்டின் கதவைச் சன்னாசி பாதிதான் திறந்தார். "அய்யய்யோ, சம்பந்தி! வரவேண்டாம்னு சொன்னேனே!"

"கேட்டியா பூபாலா?" என்று கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போன அறவாழி, போன இடத்திலேயே நின்றுவிட்டார்.

கூடம் முழுக்கக் கறுப்புப் பிளாஸ்டிக் மூட்டைகள். தரையிலிருந்து சன்னல் விளிம்பு வரை அடுக்கி, வாயை இறுக்கிக் கட்டியிருந்தது. நடுவில் ஒற்றையடிப் பாதை. அதன் வழியாக, தீபாவளிக்குப் போடும் சரிகை ஜிப்பாவில் தினகரன் தொழிற்சாலை வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான்.

"வீடு மாத்தறீங்களா?" என்று கேட்டார் பூபாலன்.

"மூட்டைப்பூச்சிங்க," என்றாள் சன்னாசியின் மனைவி தெய்வானை. "மூட்டைக்குப் பயந்து மூட்டை கட்டிக்கிட்டுக் கெடக்கோம். முதல் தடவை மருந்தடிச்சதும் எல்லாம் செத்துடுச்சுன்னு அவுத்து அடுக்கினோம். மறுபடி வந்துடுச்சு. நேத்து திரும்பவும் அடிச்சாங்க. இப்ப அவுக்கவே பயமா இருக்கு. ஒரு சீப்பு வேணும்னாலும் முடிச்சு முடிச்சா அவுத்துத் தேட வேண்டியிருக்கு. இவன் வேலைச் சட்டை எதுக்குள்ள போச்சோ, கையில அகப்பட்டது இந்த ஜிப்பா."

"வேலையில எல்லாரும் 'மாப்பிள்ளை வந்துட்டாரு'ங்கிறாங்க," என்றான் தினகரன்.

"நிஜக் கல்யாணத்துக்கு மிச்சம் வைங்க அந்த ஜிப்பாவ," என்றாள் முத்தெழில்.

சன்னாசி தலையைச் சொறிந்தார். "உங்க மெத்தை நாற்காலியில நான் உட்கார்ந்து, என் சட்டையிலிருந்து ஒண்ணு எறங்கிட்டா? கட்டிப்பிடிக்கிறப்ப ஒண்ணு தொத்திக்கிட்டா? என் பைக்குள்ள இருந்து ஒண்ணு ஊர்ந்து வந்தா? வெளிய சொல்லவும் வெக்கமா இருந்துச்சு. அதான் நின்னேன். முட்டி வலியில உசுரே போச்சு."

பூபாலன் அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். "நம்ம தோழர் இதைச் சாதின்னு நெனச்சிட்டாருங்க!"

"சாதியா?" சன்னாசி விழித்தார். "எனக்கு அந்த ஞாபகமே வரலீங்களே. உங்களுக்கு எப்படி வந்துச்சு?"

அறவாழி பக்கத்திலிருந்த மூட்டையின் மேல் பொத்தென்று உட்கார்ந்தார்.

"அய்யோ, அதுல இன்னும் உசுரோட இருக்கும்ங்க!" என்று தெய்வானை அலற, தோழர் போராட்டக் காலத்து வேகத்தில் எழுந்தார். கல்யாணம் அந்தச் சிரிப்பிலேயே முடிவாகிவிட்டது.

மூட்டைகள் எல்லாம் அவிழ்ந்த பிறகு, சங்க மண்டபத்தில் திருமணம். ஐயர் இல்லை, ஓமம் இல்லை. வரவேற்புரையில் அறவாழி முழங்கினார். "மனிதன் பெயருக்குப் பின்னால் வால் எதற்குத் தோழர்களே?" கைதட்டல் அடங்க நேரமாயிற்று. முன்வரிசையில் சன்னாசி நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து தட்டினார்.

பதிவாளர் அம்மா மைக் முன்னால் வந்தார். "மணமகன் தினகரன். தகப்பனார் சன்னாசி."

அறவாழி அவசரமாக அவர் பக்கம் குனிந்தார். "பொண்ணு பேரு மட்டும் போதும்மா. என் பேரு எதுக்கு?"

"மேடையில நீங்க அறவாழிங்க. இங்க அடையாள அட்டையில உள்ளபடி முழுசா வாசிக்கணும்."

"சரி, கடைசி வார்த்தைய மட்டுமாவது விட்டுடுங்களேன்."

"சட்டத்துல இடமில்லீங்க."

"அதை எடுத்துடலாம்னு நான் படிக்கிற காலத்துலயே கேட்டேன்," என்று மாலைக்குள்ளிருந்து முணுமுணுத்தாள் முத்தெழில். "நீங்கதான், 'அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும்மா'ன்னீங்க."

பதிவாளர் அம்மா சாட்சிகள் இருவரையும் பக்கத்தில் வரச் சொல்லி, மண்டபம் முழுக்கக் கேட்கும்படி, ஒவ்வொரு சொல்லாக வாசித்தார்:

"மணமகள் முத்தெழில். தகப்பனார் கதிரேசன் பிள்ளை."