மூன்றாவது பாட்டு

"இந்த ராக் குழுவோட பாட்டு ஒண்ணுகூட நான் கேட்டதில்லை. எதுல ஆரம்பிக்கலாம்?"

இசைத்தட்டுக் கடைக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. அந்தக் குழுவுக்குப் புது ரசிகர் பிடிப்பதென்றால் அவருக்குச் சோறு தண்ணி வேண்டாம்.

"மூணாவது பாட்டுல ஆரம்பிங்கம்மா" என்று ஹெட்போனை நீட்டினார். "எல்லா வாத்தியமும் நின்னு, கதவு சாத்துற சத்தம் வரும். அப்புறம் ஒரு பொம்பள அலறல். ஈரக்குலையே நடுங்கிடும்! அப்படி நடிக்க இனி ஒருத்தி பிறந்துதான் வரணும்!"

கதவுச் சத்தம் கேட்டதுமே அவள் ஹெட்போனைக் கழற்றிவிட்டாள்.

"அடடா, அலறல் வர்ற நேரத்துல கழட்டிட்டீங்களே! பயந்துட்டீங்களா?"

"பாடுறவர் என் புருஷனா இருந்தவர். அன்னைக்குக் கதவைச் சாத்தினதும் அவர்தான். அதை அப்படியே பதிவு பண்ணிப் பாட்டுல சேர்த்திருக்கார்னு சொன்னாங்க, நான்தான் நம்பல."

மேசைமேல் கிடந்த ஹெட்போன் அலறிக்கொண்டிருந்தது. கடைக்காரர் அதை நிறுத்தப் பொத்தானைத் தேடித் தடுமாறினார்.

"விடுங்க" என்றாள் அவள். "அன்னைக்கும் யாரும் நிறுத்தல."