சந்தனக் கை

இரண்டு கையாலும் இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அமுக்கினால்தான் பிரஸ் மெஷின் இறங்கித் தகட்டை வெட்டும். “உங்களாலதான்டா என் வேகமே போச்சு” என்று அது பொத்தான்களைத் தினமும் திட்டும்.

ஒருநாள் அவசரத்தில், மெஷினை ஓட்டும் மல்லிகேஸ்வரி இடது பொத்தானை அமுக்கி, மேலே எழாதபடி ஒரு தீக்குச்சியைச் செருகினாள். இடது கை மெஷினுக்கு அடியில் தகட்டை நகர்த்திக்கொண்டிருக்கும்போதே வலது கை பழக்கத்தில் பொத்தானுக்குப் போனது. இடது பொத்தான் தம் பிடித்துக் குச்சியைத் துப்பியது. மெஷின் இறங்கவில்லை.

“வேலையைக் கெடுத்துட்டியே!” என்று கத்தியது பிரஸ்.

ஆயுத பூஜையன்று மல்லிகேஸ்வரி அதற்கு மாலை போட்டு, இடது கையைச் சந்தனத்தில் தோய்த்து அதன் நெற்றியில் பதித்தாள். ஐந்து விரலும் அழகாக விழுந்தன.

பிரஸுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

“டேய் சின்னவனே, மாலை எனக்கு ரொம்பப் பெருசா இருக்கு. பாதியை நீ போட்டுக்கோ” என்றது இடது பொத்தானிடம்.