ஒரே சாட்சி

1938 நவம்பர் 17, வியாழக்கிழமை, காலை பத்தரை மணி, விடாத தூறல். திண்டிவனம் முன்சீப் கோர்ட்டு வாசலில், கட்டைக்காலை நீட்டியபடி, தீர்ப்புக்காகக் காத்திருந்தார் சூசைமுத்து. சைக்கிளில் பால் ஊற்றிப் பிழைத்தவர். அவர் காலைப் பறித்த காரின் முதலாளி நஷ்டஈடு தந்தால்தான் இனி அடுப்பு எரியும்.

விழுப்புரம் சாலையில் அவரை மோதித் தள்ளிய டிரைவர் கோதண்டபாணி பக்கத்திலேயே நின்றிருந்தான்.

"பயப்படாதீங்கண்ணே. முதலாளி ஜல்தி ஓட்டுன்னு சொன்னாரு, அதான் மோதிட்டேன்னு கூண்டுல ஏறிச் சொல்லிட்டனே."

"நீ சொன்னத குமாஸ்தா எழுதிக்கவே இல்லையேப்பா."

"மனசுல வச்சிக்கினு இருப்பாரு."

ஆஸ்பத்திரியில் கண் விழித்த நாள் முதல் தினமும் வந்து தலைமாட்டில் நின்றவன் அவன். அதனால்தான், வக்கீல் வைக்க வழியில்லாத சூசைமுத்து, அவனையே தம் ஒரே சாட்சியாக எழுதிக் கொடுத்திருந்தார்.

குமாஸ்தா வெளியே வந்து, முன்சீப் கையெழுத்திட்ட தீர்ப்பை நீட்டினார். சூசைமுத்து வாங்கி, மெல்ல எழுத்துக் கூட்டிப் படித்தார்.

'வாதி குறிப்பிட்ட ஒரே சாட்சியான டிரைவர், அதே விபத்தில் அங்கேயே இறந்துபோனதற்குச் சான்று தாக்கலாகியுள்ளது. மூன்று முறை அழைத்தும் கூண்டு காலியாகவே இருந்தது. வழக்கு தள்ளுபடி.'

தோளுக்கு மேலே கோதண்டபாணி எட்டிப் பார்த்தான்.

"எனக்குப் படிக்கத் தெரியாதுண்ணே. ஜெயிச்சிட்டமா?"