நாற்பது கிலோ பிசுக்கு

“அந்தக் கோழி பொரிக்கிற அடுப்ப முதல்ல அணையுங்க! மேல முந்நூறு பேரு இருக்கினும்!”

பட்டுச்சேலைக் கொசுவத்தை ஒரு கையில் தூக்கிப் பிடித்தபடி கல்யாண மண்டபத்து அடுக்களைக்குள் வந்து நின்ற ஜாஸ்பினை, சமையல்காரர் வைகுண்டராஜன் ஏற இறங்கப் பார்த்தார்.

“பொண்ணு வீடா, மாப்பிள வீடா?”

“பொண்ணுக்குச் சித்தி.”

“அப்போ மேல போய் பந்தியில இருக்கணும். இங்க வந்து எனக்க அடுப்பில கை வைக்கப்பிடாது.”

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள்.

மகள் பிரீனாவுக்குக் கை கழுவிவிட பின்பக்கம் வந்தபோதுதான் ஜன்னல் வழியாக அதைப் பார்த்தாள். வாணலியிலிருந்து சாடிய தீ, அடுப்புக்கு மேலே கவிழ்த்து வைத்ததுபோல் இருந்த புகைக்கூண்டைத் தொட்டுத் தொட்டு இறங்கியது. கூண்டின் விளிம்பில் கறுத்த எண்ணெய் நூல்நூலாகத் தொங்கியது. அங்கிருந்து கிளம்பும் தகரக் குழாய், மாடிச் சாப்பாட்டுக் கூடத்தின் சுவரோடு ஒட்டித்தான் மொட்டைமாடிக்குப் போகிறது. அவள் பார்த்து நிற்கும்போதே பிரீனா கையை உதறிவிட்டு மேலே ஓடிவிட்டாள்.

பிள்ளையை மட்டும் இழுத்துக்கொண்டு ரோட்டுக்குப் போய்விடலாம். மற்றவர்களை என்ன செய்வது?

சத்தம் கேட்டு மேனேஜர் தாணுலிங்கம் வந்தார்.

“என்னம்மா? கறியில உப்பு இல்லியா?”

“அண்ணாச்சி, அந்தக் குழாய்க்குள்ள பூரா பிசுக்கு. தீ உள்ள கேறிச்சுன்னா மேல வரைக்கும் ஒரே பிடியா பிடிச்சிரும்.”

“குழாய்க்குள்ள இருக்கது உங்களுக்கு எப்பிடித் தெரியும்? ஏறிப் பாத்தியளா?”

“தெரியும்.”

“எக்ஸ்ரே கண்ணு போல!” என்றாள் வெங்காயக்காரி ஒருத்தி.

தாணுலிங்கம் புகைக்கூண்டின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த மஞ்சள் ஸ்டிக்கரைக் காட்டினார். “அதப் படியுங்க. போன மாசம் பதினெட்டாம் தேதி கிளீன் பண்ணினதாக்கும். கம்பெனி பேரு, தேதி, கையெழுத்து, எல்லாம் இருக்கு.”

ஜாஸ்பின் படித்தாள். ஒருதரம் படித்ததே போதுமாயிருந்தது.

“ஸ்டிக்கர் ஒட்டினா சுத்தமாயிருமா அண்ணாச்சி? குழாயத் திறந்து பாத்தியளா?”

“இந்தா பாருங்க, இது நீங்க வீட்டுல அடுப்பு தொடைக்கிற சமாச்சாரம் இல்ல. உங்க வீட்டுக்காரரு எங்க? அவர வரச் சொல்லுங்க, ஆம்பிளைக்கு ஆம்பிள பேசிக்கிடுதோம்.”

“அவரு வரல்ல.”

அக்கா மகள் கல்யாணத்துக்கு வரமுடியாத அளவுக்கு அப்படி என்ன வேலை என்று காலையில் அவரோடு சண்டை போட்டுவிட்டுத்தான் மண்டபம் இருக்கும் இந்த இராஜாக்கமங்கலத்துக்கு பஸ் ஏறியிருந்தாள்.

வைகுண்டராஜன் அடுத்த தட்டுக் கோழியை எண்ணெயில் சரித்தார். வாணலி சீறியது. தீ ஒரு ஆள் உயரத்துக்குச் சாடியது. மேலேயிருந்து கறுப்பாய் ஒரு சொட்டு விழுந்து, பாதி வழியிலேயே குப்பென்று பற்றி எரிந்தது. சிரித்த பெண்கள் வாயை மூடிக்கொண்டார்கள். வைகுண்டராஜனும் ஓரடி பின்னால் வைத்தார்.

“காலையில இருந்தே இப்பிடித்தான் சாடுது,” என்று முனகினார்.

“நீரு சும்மா இரியும் ஓய்! இன்னும் ரெண்டு பந்தி கிடக்கு,” என்றார் தாணுலிங்கம்.

“அண்ணாச்சி, எனக்கப் பிள்ள மேல இருக்கு. உங்க காலப் பிடிக்கேன். கேஸ மட்டும் அணையுங்க. கோழி இல்லேன்னா யாரும் செத்துப்போவ மாட்டினும்.”

மேனேஜரின் குரல் கொஞ்சம் இறங்கியது.

“பயப்படாதீங்கம்மா. நான் கண்ணால பாத்தவனாக்கும். நான் வெளிய போயிட்டு வாறதுக்குள்ள, ரெண்டே மணிக்கூர்ல, இந்தக் குழாய்க்குள்ள இருந்து நாப்பது கிலோ பிசுக்கு எடுத்து வச்சிருந்தினும். ஒரு டிரம் நிறைய. அந்த நாத்தத்துல எனக்கு அன்னைக்கு சோறு இறங்கல்ல. அவ்வளவும் எடுத்த பிறகு உள்ள என்ன மிச்சம் இருக்கும், சொல்லுங்க?”

உள்ளதைச் சொன்னால் என்னவெல்லாம் போகும் என்று ஜாஸ்பினுக்குத் தெரியும். மேலே நாற்காலிகள் இழுபடுகிற சத்தம் கேட்டது. அடுத்த பந்தி உட்காருகிறது. பிள்ளைகள் கூச்சல் போட்டுக்கொண்டு ஓடினார்கள். அதில் பிரீனாவின் குரலும் இருந்தது.

“டிரம்மு நீலக் கலரா?” என்று கேட்டாள்.

“ஆமா.”

“ஒரு கைப்பிடி ஒடிஞ்சு, அதுல பச்சை வலைக்கயிறு கட்டினது?”

தாணுலிங்கம் விழித்தார். “ஆமா… உங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

“கயிறு கட்டினது நானாக்கும்.”

வைகுண்டராஜனின் கை தானாக கேஸ் திருகை மூடியது. வாணலியின் சீறல் அடங்கிய அமைதியில், ஜாஸ்பின் யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னாள்.

“ரெண்டு வருசமா அந்த டிரம்மு எங்க கோழிக்கூட்டுக்குப் பக்கத்துலதான் இருக்கு. காலையில அதே பிசுக்கோட வண்டியில ஏத்துவாரு, சாயங்காலம் அதே பிசுக்கோட இறக்கி வைப்பாரு, எனக்க வீட்டுக்காரரு.”