கண்ணாடியில் இரண்டு கோடுகள்

மனைவியின் தங்க மாலையைக் கொடுத்து, பாறசாலைச் சந்தையில் வாங்கிவந்த கல்லால் புஷ்பராஜ் ஜன்னல் கண்ணாடியில் ஒரு கோடு கிழித்தான்.

"கண்டியாட்டி? கண்ணாடியையே கீறுது. அசல் வைடூரியமாக்கும்! மீன் வெட்டுறவளுக்கு கல்லைப் பற்றி என்ன தெரியும்?"

மனைவி மார்கிரெட் வெளியே போனாள். முற்றத்துச் சரளையில் கிடந்த வெள்ளாரங்கல் என்னும் வெள்ளைக் கூழாங்கல் ஒன்றை எடுத்துவந்து, பக்கத்திலேயே இன்னொரு கோடு கிழித்தாள். அது இன்னும் ஆழமாக விழுந்தது.

புஷ்பராஜின் முகம் செத்துப்போனது.

"வித்தவன் சிவப்புச் சட்டைதானே போட்டிருந்தான்?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"காலையில இங்க தண்ணி கேட்டு வந்தான். நான் செம்போட வாறதுக்குள்ள, முற்றத்துல குனிஞ்சு எதையோ பொறுக்கிட்டு நின்னான். போய் கேட்டைப் பூட்டுங்க. மீதி வைடூரியத்தையும் எவனாவது அள்ளிட்டுப் போயிருவான்!"